தெலுக் இந்தானுக்குப் புதிதாக வருவோருக்கு: கடையைத் தேடுமுன் கடிகாரத்தைப் பாருங்கள்

பள்ளி ஆசிரியராகவோ, மருத்துவமனைத் தாதியாகவோ, செம்பனை எண்ணெய் ஆலையின் எந்திரப் பணியாளராகவோ மாற்றலாகி மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானுக்கு வருகிறவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்குள் கேட்கும் முதற்கேள்வி, இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பதுதான். உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கொரு கடையைச் சொல்வார்கள். சொன்ன கடைக்குப் போய்ப் பார்த்தால், பாதி நேரம் நாற்காலிகள் மேசைமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். கடை மோசமானது என்று இதற்குப் பொருளில்லை; நீங்கள் வந்த நேரம் பொருந்தவில்லை என்பதே பொருள். கோலாலம்பூரில் எந்த நேரத்திலும் ஏதாவதொரு கடை திறந்திருக்கும் என்ற பழக்கத்தோடு வருகிறவர்கள், இந்த ஊரில் இடத்துக்கு முன்பாக நேரத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

என் முதல் நாளையே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கினேன். மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் உணவகம், தொழுகைக்காகச் சாத்தியிருந்தது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சோறு இருந்தது, குழம்பு தீர்ந்திருந்தது. நண்பர் எழுதிக் கொடுத்திருந்த சீ சியோங் ஃபன் (அரிசிமாவுத் தாள் பண்டம்) கடையில் ஒரு மூதாட்டி தரையைக் கழுவிக்கொண்டே, "ஹாபிஸ்" (தீர்ந்துவிட்டது) என்ற ஒற்றைச் சொல்லோடு அனுப்பிவிட்டார். கடைசியில் மோட்டாரில் ரொட்டி விற்றுவந்தவரிடம் இரண்டு தேங்காய் பன் வாங்கி, நிழலில் நின்று சாப்பிட்டேன். அந்த மூன்று கடைகளிலும் இன்றுவரை நான் வாடிக்கையாளன். அவற்றின் நேரம் இப்போது எனக்குத் தெரியும் என்பது மட்டுமே வேறுபாடு.

இந்த நேர ஒழுங்குக்குக் காரணம் ஊரைச் சுற்றியிருக்கும் தோட்டங்கள். டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய ரப்பர்த் தோட்டம் ஜெண்டராத்தா. அதிலிருந்து வளர்ந்த யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் இன்றும் அங்கேயே இருக்கிறது. அதுபோன்ற தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு நடக்கும். அன்றைய வேலைக்கு ஆள் கணக்கெடுத்துப் பிரித்தனுப்பும் கூட்டத்துக்குத் தோட்டத்தமிழர் வைத்த பெயர் அது, பரேட் என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் உருண்டு வந்தது என்பார்கள். (உணவகப் பலகையில் எழுதியிருக்கும் ஆட்டிறைச்சிப் பெரட்டல் வேறு, இரண்டையும் குழப்பிக்கொண்டு கேட்டால் பெரியவர்கள் மனம்விட்டுச் சிரிப்பார்கள்.) இன்று தோட்ட வேலைக்காரர்களில் பெரும்பகுதியினர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும்தான்; தமிழ்க் குடும்பங்கள் பல லயம் என்னும் தோட்ட வரிசை வீடுகளை விட்டு ஊர்ப்புறத் தாமான்களுக்கு, அதாவது வீட்டுக் குடியிருப்புகளுக்கு, குடிபெயர்ந்துவிட்டன. ஆனாலும் விடியற்காலையில் பசியாறி, நடுப்பகலில் முழுச் சாப்பாடு சாப்பிட்டு, இரவில் சீக்கிரம் அடங்கும் வழக்கம் குடும்பங்களோடு ஊருக்குள் வந்துவிட்டது.

முதற்படி: கோபுரத்திலிருந்து தொடங்குங்கள்

ஊரின் நடுவில் நிற்கும் சாய்ந்த கோபுரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டால் வழி தவறாது. லியோங் சூன் சோங் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் 1885இல் கட்டிய இக்கோபுரம் 25.5 மீட்டர் உயரம். வெளியிலிருந்து எட்டு மாடிபோல் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை மூன்று தளங்களே. வறட்சிக்கும் தீ விபத்துக்கும் உதவும் தண்ணீர்த் தொட்டியைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. தொட்டியின் பாரமும் கீழே இருந்த இளகிய மண்ணும் சேர்ந்து அதைச் சாய்த்துவிட்டன. உச்சியில் கடிகாரமும் உண்டு. சாய்ந்த கோபுரத்தின் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிக்கும் ஊர் உலகில் வேறு எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

வந்த முதல் மாலையில் கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களை ஒரு முறை நடந்து பாருங்கள். ஒவ்வொரு கடையின் முன்னும் நின்று, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எந்தக் கிழமை விடுமுறை, எந்தப் பண்டம் முதலில் தீரும் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றாவது கேள்வியே மிகவும் பயனுள்ளது. அதைக் கேட்பவரைக் கடைக்காரர் மறக்கமாட்டார். தமிழ்க் கடையில் அண்ணே, அக்கா. மலாய்க் கடையில் அபாங், காக், வயதானவராயின் பாக் சிக், மக் சிக். சீனக் கடையில் அங்கிள், ஆன்ட்டி. இந்த அழைப்புகளைச் சரியாகச் சொன்னால் அரைப்பங்கு வேலை முடிந்தது. இன்னொன்று: முதியவர்கள் ஊரைத் தெலோக் ஆன்சன் என்றே சொல்வார்கள். 1882இல் ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் வைக்கப்பட்ட அப்பெயர் 1982இல்தான் நீங்கியது என்பதால், வழி சொல்லும்போது பழைய பெயர் வந்தால் வேறு ஊர் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாம் படி: பசியாறுதல்

காலை உணவை இங்கே பசியாறுதல் என்போம், "பசியாறிட்டீங்களா?" என்று யாராவது கேட்டால் அது நலம் விசாரிப்பதும் ஆகும். ஆறரை மணிக்கெல்லாம் தோசைக்கல் சூடேறி, ரொட்டி சானாய் எனும் பரோட்டா வீசும் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். வாழையிலையும் காகிதமுமாகக் கூம்பு வடிவில் கட்டிய நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலும், மேசையிலேயே குவிந்திருக்கும். எடுத்துச் சாப்பிட்டுவிட்டு எத்தனை என்று பின்னர்ச் சொன்னால் போதும். ஒன்பது மணிக்குமேல் வருகிறவர்களுக்குச் சம்பலின் அடிப்பகுதிதான் கிடைக்கும்.

புதியவர்களைத் தடுமாறவைப்பது உணவைவிடப் பானம். தே என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பால் சேர்ந்த இனிப்புத் தேநீர் வரும். தே ஓ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. தே சி என்றால் ஆவியாக்கிய பால். சீனியே வேண்டாம் என்றால் கோசோங், குறைத்துப் போடச் சொல்ல கூராங் மானிஸ். காப்பிக்கும் இதே இலக்கணம். நீரிழிவு உள்ளவர்கள் கோசோங் என்ற சொல்லை வாயில் ஏற்றிக்கொண்டு வருவது நல்லது, ஏனெனில் இந்த ஊரில் சாதாரண அளவு என்பதே தாராளமான அளவு. எடுத்துச் செல்வதாயின் புங்குஸ் என்று சொல்லுங்கள். மோட்டாரில் போகிறவர் அதோடு இக்காட் தெப்பி என்று சேர்த்தால், கடைக்காரர் தேநீரை நெகிழிப் பையில் ஊற்றி, வாயின் ஒரு பக்கத்தை மட்டும் கயிற்றால் இறுக்கி, மறுபக்கம் உறிஞ்சுகுழலுக்கு இடம் விட்டுத் தருவார். அந்தக் கயிற்று வளையத்தை மோட்டாரின் கொக்கியில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாம். முதல் முறை நான் வெறும் புங்குஸ் என்று சொல்லி, பந்துபோல் இறுகக் கட்டிய பையைப் பல்லால் கடித்துத் திறந்து சட்டையை நனைத்துக்கொண்டேன்.

மூன்றாம் படி: வாழையிலை

நடுப்பகல் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டுக்கு முன்பாகவே போய்விடுங்கள். அரசு அலுவலகங்களும் வங்கிகளும் ஒரே நேரத்தில் வெளியே வருவதால் பன்னிரண்டரைக்கு இடம் கிடைக்காது, ஒன்றரைக்கு நல்ல கறி கிடைக்காது. இலையில் சோறும் மூன்று வகைக் காய்கறியும் அப்பளமும் ஊறுகாயும் ரசமும் பொதுவாக ஒரே விலையில் அடங்கும். சோற்றையும் காயையும் மறுமுறை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விலை ஏறுவது தட்டில் கொண்டுவந்து காட்டும் துணைக்கறிகளால்தான். கணவாய்ப் பொரியல், நண்டு, மீன்தலைக் கறி ஆகியவற்றை எடுப்பதற்கு முன் விலையைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள். பரிமாறுகிறவர் தட்டை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டியவுடன் தலையாட்டிவிடும் பழக்கமே சம்பள நாளுக்கு முன் பலரைத் துன்பத்தில் தள்ளுகிறது.

எனக்கு எந்தக் கடை நல்லது என்று கேட்டால், குழம்பைப் பார்க்காதீர்கள், ரசத்தைக் கேளுங்கள் என்பேன். ஒரு கடையில் ரசம் தனிக் குவளையில் சூடாக வந்து, அடியில் நசுக்கிய மிளகும் பூண்டுத் தோலும் தெரிந்தால் சமையலறையில் அன்று காலையில் ஆள் நின்று வேலை பார்த்திருக்கிறார் என்று கொள்ளலாம். சாப்பிட்டு முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். திருப்தி என்பதற்கு அது அடையாளம். எதிர்ப்புறமாக மடிப்பது துக்க வீட்டு வழக்கம் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

நான்காம் படி: ஊருக்கே உரிய இரண்டு பண்டங்கள்

தெலுக் இந்தானை விட்டுப் போனவர்கள் திரும்பி வரும்போது முதலில் தேடுவது சீ சியோங் ஃபன். மற்ற ஊர்களில் இதே பெயரில் கிடைப்பது அரிசிமாவுத் தாளை வெட்டிச் சாற்றை ஊற்றித் தருவது. இங்கே அப்படியில்லை. ஆவியில் வெந்த மெல்லிய தாளுக்குள் செங்குவாங் கிழங்கு, உலர்ந்த இறால், பொரித்த வெங்காயம் ஆகியவற்றை வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். சாறு கிடையாது, பச்சைமிளகாய் ஊறுகாய் மட்டும் துணை. பொட்டலத்தைப் பிரித்ததும் வெங்காய வாசம் முதலில் வரும், பின்னர்த் தாளின் வழவழப்புக்கு நடுவே கிழங்கு மொறுமொறுவென்று கடிபடும். ஆறிய பிறகும் ருசி கெடாததால் பேருந்துப் பயணத்துக்கு ஏற்ற உணவு இது. இறால் இருப்பதால் இது சைவம் ஆகாது. இறைச்சியோ கொழுப்போ சேர்ந்திருக்கிறதா என்பதைக் கடைக்குக் கடை கேட்டுக்கொள்ளுங்கள். ஆ லெக் கடை வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த பெயர், ஆனால் வேறு கடைகளுக்கும் தனித்தனி விசுவாசிகள் உண்டு. இந்த வாதத்தில் புதியவர்கள் தலையிடாமல் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடுவது அறிவுடைமை. எந்தக் கடையானாலும் அன்று ஆவியில் வைத்தது தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். நான்கைந்து பொட்டலத்துக்குமேல் வேண்டுமாயின் முந்தின நாளே சொல்லிவையுங்கள்.

இரண்டாவது, மஸ்தான் கனி என்ற பெயரோடு சேர்த்தே இந்த ஊரில் சொல்லப்படும் மீ, அதாவது நூடுல்ஸ். சர்க்கரைவள்ளிக் கிழங்கால் கெட்டிப்பட்ட குழம்பில் மஞ்சள் மீ, அவித்த முட்டை, பொரித்த தாவு (சோயாக்கட்டி), எலுமிச்சைப் பிழிவு என்று வருவது மீ ரெபுஸின் பொது இலக்கணம். குழம்பு தடித்துப்போகுமுன் சாப்பிட வேண்டிய பண்டம் என்பதால், புங்குஸ் வாங்கிக்கொண்டு அலுவலகம் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மாலை நேரத்துக்கு வீட்டிலேயே இருந்தாலும் போதும். புட்டு மாயாம்காரர் மோட்டாரில் ஒலிப்பானை அழுத்தியபடி தாமானுக்குள் வருவார். தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்த நம் இடியாப்பம்தான் அது. இரவுச் சந்தை, அதாவது பசார் மாலாம், ஒவ்வொரு தாமானிலும் ஒவ்வொரு கிழமை நடப்பதால் பக்கத்து வீட்டாரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இரவும் குடியும்

பெருநகரத்தில் உள்ளதுபோன்ற மதுக்கூடங்களை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். இரவில் நண்பர்கள் கூடுவது சீனச் சமையல் கடைகளின் வட்ட மேசைகளைச் சுற்றித்தான். பீர் அங்கேயே கிடைக்கும். அங்கே கேட்க வேண்டியது பேராக் ஆற்றின் ஊடாங் காலா, நீலநிற நீண்ட கொடுக்குகளையுடைய நன்னீர் இறால். இது எடைக்கு விற்கப்படுவதால், சமையலறைக்குப் போகுமுன் இறாலைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லி, கிலோ விலையையும் மொத்த விலையையும் வாயால் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டு வெட்டாகப் பிளந்து வறுத்தால் தலையிலிருக்கும் செந்நிறக் கொழுப்பு சோற்றுக்குப் பிசைய உதவும். காரக் குழம்பில் போட்டால் அந்த ருசி மறைந்துவிடும் என்பது என் கருத்து.

கள் பற்றியும் கேட்பார்கள். கடற்கரைப் பக்கம், பாகான் டத்தோ வழியெங்கும் தென்னந்தோப்புகள் இருப்பதால் இவ்வட்டாரத்துக் கள்ளுக்கு வெளியூரிலும் பெயர் உண்டு. உரிமம் பெற்ற கடையில், இறக்கிய அன்றே குடிக்க வேண்டும். காலையில் இனிப்பாக இருப்பது நேரம் போகப்போகப் புளித்துக் கடுமையாகிவிடும். மறுநாள் கள்ளை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சம்சு என்ற மலிவு விலைச் சாராயத்தை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 2018இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். தோட்டக் குடும்பங்களில் குடி செய்த சேதத்தைப் பார்த்து வளர்ந்த பெண்கள் பலர் இந்த ஊரில் இருக்கிறார்கள், ஆகவே அறிமுகமான வீட்டில் கள்ளுக்கடைக்கு வழி கேட்பதைத் தவிர்ப்பது நல்லது. முஸ்லிம் நண்பர்களை இந்த மேசைக்கு அழைக்காதீர்கள். 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்பது சட்டவிரோதம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான தண்டனை 2020இல் கடுமையாக்கப்பட்டிருக்கிறது. பின்னிரவில் இங்கே வாடகை வண்டி அரிது என்பதால், யார் குடிக்காமல் ஓட்டப்போகிறார் என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள்.

ஆறாம் படி: நாட்காட்டி

வேலைவாய்ப்புச் சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். அதனால் மாதத்தின் முதல் வார இறுதியில் தோட்டமே ஊருக்குள் இறங்கிவிடும். நகைக்கடை, கைப்பேசிக் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் நெரியும். அமைதியாகச் சாப்பிட விரும்புகிறவர்கள் மூன்றாம் வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை முஸ்லிம் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் மலாய்க் கடைகள் அடைத்திருந்தாலும், மாலையில் நோன்புச் சந்தை கூடும்; ஐந்து மணிக்குப் போனால் எல்லாம் கிடைக்கும், ஆனால் நோன்பிருப்பவர்கள் முன்னால் வாங்கியவுடன் நின்று தின்பது அழகல்ல. புரட்டாசியில் தமிழ்க் கடைகளில் மரக்கறி பெருகும். ஏறத்தாழ அதே பருவத்தில் சீனர்களின் ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழாவும் வருவதால், மஞ்சள் கொடி கட்டிய சீனக் கடைகளிலும் சைவம் கிடைக்கும். சைவ உணவுக்காரர்களுக்கு ஆண்டின் மிகச் சிறந்த மாதம் அதுவே. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாளே மளிகை வாங்கி வைத்துவிடுங்கள்.

சித்திரை முழுநிலவன்று நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலில் நடக்கும் சித்ரா பௌர்ணமிக்கு வெளிமாநிலங்களிலிருந்தும் கூட்டம் வரும். அன்று உணவகத்தைத் தேட வேண்டியதில்லை. அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் உண்டு. ஆனால் வெளியூர் உறவினர் வருவதாயின் தங்கும் அறையை வெகுமுன்னரே பிடித்துவையுங்கள், வண்டியைக் கோயில் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஏழாம் படி: ஞாயிற்றுக்கிழமை வெளியே போவது

ஆற்றங்கரையில் மாலை உலாவுவது செலவில்லாதது. பேராக் ஆறு ஊரைச் சுற்றி வளைந்து ஓடுவதால், ஊரின் எந்தப் பக்கம் போனாலும் ஆறு எதிரே வருவதுபோல் தோன்றும். தோட்டத்துக்குள் போய்ப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள், தோட்டம் தனியார் நிலம் என்பதை மறக்கக் கூடாது. அங்கே வேலை பார்க்கும் ஒருவரின் அழைப்போடு போங்கள், இல்லையேல் காவல் கூடத்தில் நின்று அனுமதி கேளுங்கள். பீடோர் பக்கம் போகிறவர்கள் விதையில்லாக் கொய்யாவும் கோழி பிஸ்கட்டும் வாங்கி வருவார்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் சாலையில் லாத்தா இஸ்கண்டார் அருவி இருக்கிறது. ரயிலில் போக விரும்பினால் தாப்பா ரோடு நிலையம் வரை வண்டியில் போக வேண்டும். 1893இல் அங்கிருந்து இந்த ஊருக்குப் போடப்பட்ட கிளைப்பாதை இப்போது இல்லை.

எனக்குப் பிடித்தது ஊத்தான் மெலிந்தாங் வழியாகப் பாகான் டத்தோ வரை போவது. 2017இல் தனி மாவட்டமான அந்தப் பகுதியில் செம்பனை குறைந்து தென்னை கூடுவதைச் சாலையோரத்திலேயே பார்க்கலாம். பிற்பகல் மூன்றுக்குக் கிளம்பி, மீன்பிடிப் படகுகள் கட்டியிருக்கும் கரையில் ஓர் இளநீரைக் குடித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். இருட்டியபின் இச்சாலையில் விளக்கில்லாத நீளமான பகுதிகள் உண்டு. செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் போகும்போது, வளைவில் ஒன்றிரண்டு குலைகள் உருண்டு விழும் அளவுக்கு இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.